டிஸ்க்கை மாற்றியும் ஃபைல் கெடுகிறதா? மதர்போர்டு ஃபர்ம்வேர் பற்றி ஓர் எளிய விளக்கம்

நேற்று வரை திறந்த ஜிப் ஃபைல் இன்று "சிஆர்சி எரர்" என்கிறது. கல்யாண ஆல்பத்துக்காக காப்பி செய்த படங்களில் நான்கைந்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. கேம் இன்ஸ்டால் ஆகும்போது பாதியில் நிற்கிறது. மறுபடி முயன்றால் வேறோர் இடத்தில் நிற்கிறது. இப்படி நடந்தால் நம் ஊரில் வழக்கமாக வரும் முடிவு ஒன்றுதான்: "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு." ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, விண்டோஸை மறுபடி ஏற்றுகிறோம். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடுவது போல் இருக்கும். அப்புறம் புது டிஸ்க்கிலும் அதே தொல்லை.

பழைய டிஸ்க், புது டிஸ்க் இரண்டிலும் ஃபைல் கெடுகிறது என்றால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. அது ரேமாக இருக்கலாம், பிராசஸராக இருக்கலாம். அல்லது இவை இரண்டும் எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் மதர்போர்டு ஃபர்ம்வேராக, அதாவது போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும் நிரலாக இருக்கலாம். பயாஸ் என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். இன்றைய போர்டுகளில் இருப்பது யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை என்றாலும், கடைக்காரர் முதல் கம்பெனியின் இணையதளம் வரை எல்லோரும் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பயாஸை அப்டேட் செய்தால் ஃபைல் கெடுவது நிற்குமா? சில கோளாறுகளில் நிற்கும். பலவற்றில் நிற்காது. எது எந்த வகை என்று தெரியாமல் அப்டேட் செய்வதும், தெரியாமல் டிஸ்க் வாங்குவதும் ஒரே மாதிரியான வீண்செலவு. அதனால் முதலில் ஃபைல் எங்கே கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்வோம்.

ஒரு ஃபைல் போகும் வழி

வடபழனியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், முகூர்த்தம் முடிந்து வந்து கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்களை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் கார்டிலிருந்து நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. கார்டிலிருந்து யுஎஸ்பி வழியாக ரேமுக்கு வருகிறது. அங்கே சிறிது நேரம் தங்குகிறது. பிறகுதான் ரேமிலிருந்து டிஸ்க்குக்குப் போகிறது. எந்த காப்பி வேலையும், எந்த ஜிப் வேலையும், எந்த எடிட்டிங்கும் ரேமைத் தொடாமல் நடக்காது.

இந்த வழி நெடுக எங்கெங்கே காவல் இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க்குக்கு உள்ளே எழுதப்படும் ஒவ்வொரு துண்டோடும் பிழை திருத்தும் குறியீடு சேர்த்து எழுதப்படுகிறது. படிக்கும்போது ஓரிரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல் துளி) தவறினால் டிஸ்க்கே சரிசெய்துவிடும். முடியாவிட்டால் "படிக்க முடியவில்லை" என்று சொல்லிவிடும். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் போகும் தகவலுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு உண்டு. தவறாகப் போனால் திரும்ப அனுப்பச் சொல்லும். ஆனால் சாதாரண டெஸ்க்டாப்பின் ரேமில் அப்படி முழுமையான காவல் கிடையாது. சர்வர்களில் போடும், பிழை திருத்தும் இசிசி ரேமில்தான் அது உண்டு. டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமின் சிப்புக்கு உள்ளேயே ஒரு சிறு பிழை திருத்தி இருந்தாலும், ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே உள்ள பாதையை அது பாதுகாப்பதில்லை.

இதனால் நடப்பது என்ன? ரேமில் தங்கியிருந்த அந்தச் சிறிது நேரத்தில் ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆகிவிட்டால், தவறான அந்தப் படத்தை டிஸ்க் மிக உண்மையாக, பிழை திருத்தும் குறியீட்டோடு, பத்திரமாக எழுதி வைக்கிறது. தி.நகர் கடையில் பொட்டலம் கட்டும்போதே தவறான புடவையை வைத்துவிட்டால், கூரியர்காரர் முத்திரை உடையாமல் கொண்டு வந்து கொடுத்து என்ன பயன்? டிஸ்க்கின் நிலைமை அதேதான். டிஸ்க்கைச் சோதித்தால் "ஹெல்த் 100%" என்று காட்டும். உண்மையில் அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு பிட் என்றால் அற்பம் என்று தோன்றலாம். கம்ப்யூட்டர் எழுத்துக் குறியீட்டில் 5 என்ற இலக்கத்துக்கும் 7 என்ற இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு பிட். கணக்கு ஃபைலில் 5,000 என்பது 7,000 ஆக மாற அது போதும், எந்த எரர் மெசேஜும் வராது. ஜேபெக் படத்திலோ ஜிப்பிலோ ஒரு பிட் மாறினால் அதற்குப் பின்னால் வரும் பகுதியைப் பிரித்துப் படிக்கவே முடியாமல் போகலாம். கீழ்ப்பாதி சாம்பலாவது இதனால்தான். ஜிப் பரவாயில்லை, கத்திச் சொல்லிவிடுகிறது. எக்செல்லுக்காக எடுத்து வைத்த கணக்குப் பட்டியலில் மாறிய இலக்கம் சத்தமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த இரண்டாவது வகைதான்.

பயாஸுக்கு இதில் என்ன வேலை

மதர்போர்டில் ஒரு சிறிய எட்டுக்கால் சிப் இருக்கும். பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி அளவுதான். பயாஸ் அதில் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் எழும் முன்பே, இந்த நிரல் ஓடத் தொடங்குகிறது. திரையில் கம்பெனி லோகோ தெரியும் அந்தச் சில நொடிகளில் அது செய்யும் வேலைகள் நிறைய. நமக்கு வேண்டியவை இரண்டு.

முதலாவது, ரேமைப் பழக்குவது. மெமரி டிரெய்னிங் என்பார்கள். ரேம் ஒரு நொடிக்குப் பல நூறு கோடி முறை தகவல் மாற்றுகிறது. போர்டில் உள்ள செம்புத் தடங்களின் நீளம், ரேம் சிப்பின் குணம், வெப்பம் என ஒவ்வொன்றும் சிக்னல் வந்து சேரும் நேரத்தைக் கடுகளவு மாற்றும். எந்த நொடித்துளியில் படித்தால் 0 என்றும் 1 என்றும் பிசகாமல் தெரியும் என்று பயாஸ் சோதித்துப் பார்த்து, அந்த நேரத்தையும் வோல்டேஜையும் அமைக்கிறது. இந்தக் கணிப்பு கொஞ்சம் தவறினால் கம்ப்யூட்டர் எழும், விண்டோஸ் ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். கோடிக்கணக்கில் ஒரு முறை மட்டும் ஒரு பிட் தவறும். புதிதாகச் சந்தைக்கு வந்த போர்டுகளில் இது அதிகம். அடுத்தடுத்து வரும் பயாஸ் பதிப்புகளின் குறிப்பில் "மெமரி கம்பாட்டிபிலிட்டி மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி இருப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, பிராசஸருக்கு மைக்ரோகோட் ஏற்றுவது. பிராசஸரின் உள்வேலைகளைத் திருத்தும் சிறு நிரல் அது. இன்டெலோ ஏஎம்டியோ ஒரு பிழையைக் கண்டுபிடித்தால், அதற்கான திருத்தம் பெரும்பாலும் மதர்போர்டு கம்பெனி வெளியிடும் புது பயாஸுக்குள் வைத்துத்தான் நம்மிடம் வருகிறது.

நடந்த விஷயங்களையே சொல்கிறேன். 2001-ல் வியா கம்பெனியின் 686பி என்ற சிப் இருந்த போர்டுகளில், ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய ஃபைல்களை காப்பி செய்தால் அவை கெட்டுப்போயின. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் சவுண்ட் கார்டு போட்டிருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகமாகத் தெரிந்தது. டிஸ்க், கார்டு எதுவும் பழுதில்லை. சிப்செட்டை (டிஸ்க், கார்டு போன்றவற்றை பிராசஸரோடு இணைக்கும் சிப்களை) அமைத்திருந்த விதத்தில்தான் கோளாறு. புது பயாஸும் டிரைவர் திருத்தமும் வந்து அது அடங்கியது.

அண்மைக் கதை இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களுடையது. கேம் பாதியில் சாய்வதும், சுருக்கிய ஃபைலைப் பிரிக்கும்போது பிழை வருவதும்தான் அவற்றில் பலர் கண்ட அறிகுறி. பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் தேய்ந்தது காரணம் என்று இன்டெல் கண்டறிந்தது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் திருத்தம் பயாஸ் அப்டேட்களாக வந்தது. அதன் பிறகும் திருத்தங்கள் வந்தன. இதில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். அப்டேட் மேற்கொண்டு தேய்வதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரைச் சரிசெய்யாது. அதனால்தான் இன்டெல் அந்த பிராசஸர்களின் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்த வகை பிராசஸர் வைத்திருந்து, இதுவரை பயாஸை அப்டேட் செய்யாதவராக நீங்கள் இருந்தால், ஃபைல் கெடாவிட்டாலும் அதைச் செய்துவிடுங்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. 2011 ஜனவரியில் இன்டெலின் 6 சீரிஸ் சிப்செட்டில் சில சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் மோசமாகும் என்று தெரியவந்தது. தவறு சிப்பின் வார்ப்பிலேயே இருந்ததால் எந்த பயாஸாலும் அதைத் திருத்த முடியவில்லை. சிப்பையே மாற்றி, போர்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஃபர்ம்வேரால் அமைப்பு முறையைத்தான் மாற்ற முடியும். பழுதான பொருளை அது நல்லதாக்காது.

அப்டேட்டுக்கு முன்

ஃபைல் கெடுகிறது என்று சந்தேகம் வந்த நிமிடமே அந்த கம்ப்யூட்டரில் எழுதுவதை நிறுத்துங்கள். புதிதாக காப்பி செய்யாதீர்கள், படங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தாதீர்கள், பேக்கப் மென்பொருள் தானாக ஓடினால் அதையும் நிறுத்துங்கள். கெட்ட ஃபைல் நல்ல பேக்கப்பின் மேல் போய் உட்கார்ந்துகொண்டால் மீட்க வழியில்லை. கேமரா கார்டை ஃபார்மேட் செய்யவே கூடாது. முக்கியமானவற்றை எடுக்க வேண்டுமென்றால், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி அங்கிருந்து எடுங்கள்.

இன்னொன்று, பலர் அவசரத்தில் செய்வது: டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது. ரேம் தவறாகப் படிக்கும் நிலையில் செக்டிஸ்க் ஓட்டினால், அது தவறாகப் படித்ததை வைத்து நன்றாக இருந்த ஃபோல்டர் அமைப்பையும் "ரிப்பேர்" செய்துவிடும். ரேமைச் சோதிக்கும் வரை எந்த ரிப்பேர் கருவியையும் தொடாதீர்கள். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? டிஸ்க்கிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அது சுலபம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உள்குறிப்பைக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் ரீஅலகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற எண்கள் ஏறியிருந்தால் டிஸ்க் மேல்தான் சந்தேகம். அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர் என்ற எண் நாளுக்கு நாள் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். மிகக் குறைந்த செலவில் முடிந்துவிடும். இவை எல்லாம் சுத்தமாக இருந்தால் பார்வையை ரேம் பக்கம் திருப்ப வேண்டும்.

பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். 3600 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிடிஆர்4 ரேம் அந்த வேகத்தில் தானாக ஓடுவதில்லை. எக்ஸ்எம்பி போட்டால்தான் ஓடும்; அணைத்தால் 2133, 2400, 2666 போன்ற அடிப்படை வேகத்துக்கு இறங்கும். பெட்டியில் எழுதியிருப்பதால் அது உத்தரவாதமான வேகம் என்று நினைக்கிறோம். ரேம் கம்பெனி அந்த ரேமுக்குத்தான் பொறுப்பு. உங்கள் பிராசஸரும் உங்கள் போர்டும் அந்த வேகத்தைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இரண்டு ரேம் இருந்த இடத்தில் பிற்பாடு வேறு கம்பெனியின் இரண்டைச் சேர்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். டிடிஆர்5-ல் இது இன்னும் கடினம். ரைசன் 7000 பிராசஸர் வரிசைக்கு நான்கு ரேம் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகமே 3600தான்.

அடுத்து மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் எரர் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் பாஸ் கிடையாது. எரர் வந்தால் ரேமைக் கழற்றி, தங்கநிற முனைகளை மெதுவாகத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் இதை முதலிலேயே செய்யலாம். உப்புக்காற்றும் ஈரப்பதமும் தொடர்பு முனைகளை மெல்ல அரிக்கும். அப்புறமும் எரர் வந்தால் ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். ஒரு குறிப்பிட்ட ரேம் எங்கே போட்டாலும் எரர் தருகிறது என்றால் அது பழுது. வாரண்டியில் மாற்றுங்கள், பயாஸைத் தொட வேண்டியதில்லை. தனித்தனியாக எல்லாம் பாஸ் ஆகி, சேர்த்துப் போட்டால் மட்டும் எரர் என்றால், அல்லது அடிப்படை வேகத்தில் பாஸ் ஆகி எக்ஸ்எம்பியில் மட்டும் எரர் என்றால், அங்கேதான் பயாஸ் அப்டேட்டுக்கு வேலை இருக்கிறது.

மெம்டெஸ்ட் பாஸ் ஆகியும் ஃபைல் கெட்டால் ஹாஷ் சோதனை செய்து பாருங்கள். ஒரு ஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீண்ட எண்ணாகத் தருவது ஹாஷ். ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். 7-ஜிப் போட்டிருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 எடுக்கலாம். பத்து இருபது ஜிபி உள்ள ஒரு பெரிய ஃபைலுக்கு அதே ஹாஷை நாலைந்து முறை எடுங்கள். ஃபைலைத் தொடாமலேயே ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால், டிஸ்க்கில் இருப்பது மாறவில்லை, படிக்கும் வழியில் மாறுகிறது. ரேம், பிராசஸர், போர்டு பக்கம் பாருங்கள். எப்போதும் ஒரே எண் வந்து, அது மூல ஃபைலின் எண்ணிலிருந்து வேறுபட்டால், எழுதும்போதே கெட்டிருக்கிறது. காப்பி செய்த சூட்டோடு சோதித்தால் விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்காமல் ரேமில் வைத்திருப்பதையே காட்டிவிடும். அதனால் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஹாஷ் எடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் மதியம் மட்டும் எரர் வருகிறது, ராத்திரி வருவதில்லை என்றால், முதலில் கேபினட்டைத் திறந்து தூசியை ஊதி, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு மட்டும், அந்த நேரத்தில் திறந்திருந்த ஃபைல்கள் மட்டும் கெட்டிருந்தால் அது வேறு விஷயம். எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்திருக்கிறது. யுபிஎஸ் வாங்குவதுதான் அதற்கு மருந்து.

அப்டேட் செய்யும் முறை

விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியில் போர்டின் மாடலும், பயாஸ் வெர்ஷன் என்ற வரியில் இப்போதைய பதிப்பும் தேதியும் இருக்கும். மாடல் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது வேறு போர்டு. வைஃபை உள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனி ஃபைல் இருக்கலாம். ஜிகாபைட் போர்டாக இருந்தால் கேபினட்டைத் திறந்து போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். ஃபைலை அந்தக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பின் கீழும் உள்ள குறிப்பைப் படித்து, மெமரி, ஸ்டெபிலிட்டி, மைக்ரோகோட் என்ற சொற்கள் உங்கள் பதிப்புக்குப் பின் வந்தவற்றில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பீட்டா என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். சில பதிப்புகளில், முதலில் இடையில் உள்ள ஒன்றை ஏற்று, பிறகு இதை ஏற்று என்றோ, இதிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது என்றோ எழுதியிருக்கும். அந்த வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைக் குறியீடாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பல விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் நமக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸ் மாறியதும், அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப் "இது பழைய கம்ப்யூட்டர் இல்லை" என்று கருதி, 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால், கெடாத ஃபைல்களும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஆகவே அப்டேட்டுக்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் ரெகவரி கீயை எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள்.

பயாஸ் செட்டிங்ஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஆனதும் எல்லாம் முதல் நிலைக்குப் போய்விடும். முக்கியமாக, டிஸ்க் ஏஎச்சிஐ முறையில் இருந்ததா, ரெய்டு அல்லது விஎம்டி முறையில் இருந்ததா என்பது தெரிய வேண்டும். அது மாறினால் விண்டோஸ் எழாது. டிஸ்க் போய்விட்டது என்று பதறி மறுபடி விண்டோஸ் ஏற்றுபவர்கள் உண்டு. அந்த ஒரு செட்டிங்கைத் திருப்பி வைத்தால் போதும்.

மின்சாரம் அறுந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதி எழுதிய பயாஸோடு போர்டு செத்துப்போகும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் எந்தப் பகுதியில் மின்சாரத்தை நிறுத்துகிறது என்பது முந்தைய நாள் பேப்பரிலேயே வரும். வழக்கமாகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை. உங்கள் ஏரியா பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மழையும் இடியுமான ஐப்பசி மாலையில் இந்த வேலை வேண்டாம். யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதென்றால், அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா, அது போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம் என்பதால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டுத்தான் அப்டேட்டைத் தொடங்க வேண்டும். இதன் காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. புது பயாஸ் ஃபைலும் ரேம் வழியாகத்தான் சிப்புக்குப் போகிறது! பிட் தவறும் ரேமில் வைத்து அதை எழுதினால், எழுதும் நிரலே தடுமாறலாம். பெரும்பாலான போர்டுகள் ஃபைலைச் சரிபார்த்த பின்பே எழுதும் என்றாலும், தெரிந்தே அந்த ஆபத்துக்குப் போக வேண்டாம். போர்டின் பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் போன்ற பெயரில் ஒரு பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. அது பிராசஸர், ரேம் இரண்டும் இல்லாமலே தனி சிப் வழியாக எழுதும். ரேம் மேல் சந்தேகம் உள்ள கம்ப்யூட்டருக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும், எந்த யுஎஸ்பி துளையில் செருக வேண்டும் என்பது போர்டின் கையேட்டில் இருக்கும்.

பட்டன் இல்லாத போர்டில், பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, ஜிப்பிலிருந்து பிரித்த ஃபைலை அதில் போட்டு, பயாஸுக்குள் போய், அங்கே உள்ள கருவியால் எழுத வேண்டும். ஏசூஸில் ஈஸி ஃபிளாஷ், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். விண்டோஸுக்குள்ளிருந்து அப்டேட் செய்யும் மென்பொருளும் உண்டு. கெடும் அறிகுறி உள்ள கம்ப்யூட்டரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுதி முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 போர்டுகளில் இது சகஜம். ரேமை முதலிலிருந்து பழக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பவரைப் பிடுங்காதீர்கள். ஒருவேளை உண்மையிலேயே எழவில்லை என்றாலும் போர்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்கள் அந்த எட்டுக்கால் சிப்பில் புரோகிராமரை மாட்டி நேரடியாக எழுதித் தருவார்கள்.

அதன் பிறகு

பயாஸ் எழுந்ததும் டீஃபால்ட் செட்டிங்ஸை ஏற்றி, டிஸ்க் முறையை மட்டும் பழையபடி வைத்து, எக்ஸ்எம்பி இல்லாமலே மெம்டெஸ்ட்டும் ஹாஷ் சோதனையும் மறுபடி செய்யுங்கள். சுத்தமாக வந்தால் எக்ஸ்எம்பியைப் போட்டு இன்னொரு ராத்திரி. அதிலும் சுத்தமாக வந்தால் பழைய பயாஸின் ரேம் அமைப்புதான் கோளாறு என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எக்ஸ்எம்பியில் மட்டும் திரும்ப எரர் வந்தால், 3600-ஐ 3200 ஆகக் குறைத்து ஓட்டுங்கள். அன்றாட வேலையில் அந்த வேக வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. ஃபோட்டோ, வீடியோ, கணக்கு என்று மற்றவர்களின் பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள் எக்ஸ்எம்பியே இல்லாமல் ஓட்டினாலும் தவறில்லை.

அடிப்படை வேகத்திலும், புது பயாஸிலும், ஒவ்வொரு ரேமாக மாற்றியும் ஹாஷ் மாறுகிறது என்றால் மிச்சமிருப்பவை பிராசஸர், போர்டு, பவர் சப்ளை. இதை வீட்டில் பிரித்துப் பார்ப்பது கடினம். மாற்றுப் பாகங்கள் வேண்டும். கடைக்குத்தான் போக வேண்டும்.

ரேம் சரியான பிறகு செக்டிஸ்க்கையும், விண்டோஸ் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையையும் ஓட்டலாம். இப்போது அவை சொல்வதை நம்பலாம். ஆனால் முன்பே கெட்டுப்போன உங்கள் ஃபைல்கள் இதனாலெல்லாம் திரும்பி வராது. தொல்லை எப்போது தொடங்கியது என்று யோசித்து, அந்தத் தேதிக்குப் பின் எழுதிய எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். பேக்கப்பில் உள்ளவையும் அதில் அடக்கம், ஏனென்றால் அவையும் இதே ரேம் வழியாகப் போனவைதான். ஜிப் ஃபைல்களை 7-ஜிப்பின் டெஸ்ட் பட்டனால் சோதிக்கலாம். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். மூலம் கேமரா கார்டிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டிக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எச்பிஇ கம்பெனியின் சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் அப்படியே நின்றுபோகும் என்று 2019 நவம்பரில் அந்தக் கம்பெனியே அறிவித்தது. மணிக்கணக்கை எண்ணும் இடம் நிரம்பி வழிந்ததுதான் காரணம். புது ஃபர்ம்வேர் போட்டவர்கள் தப்பித்தார்கள். மதர்போர்டு பயாஸை அப்டேட் செய்யும் அன்றே, எஸ்எஸ்டி கம்பெனியின் மென்பொருளைத் திறந்து அதற்கும் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதற்கு முன் அதிலுள்ளவற்றை வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

கடைக்குக் கொண்டுபோவதென்றால் "கம்ப்யூட்டர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய பயாஸ் பதிப்பு என்ன, புதியது என்ன, எக்ஸ்எம்பி போட்டபோதும் போடாதபோதும் மெம்டெஸ்ட் என்ன காட்டியது, எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தபோது எரர் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், மெம்டெஸ்ட் திரையின் படத்தையும் காட்டுங்கள். வாரண்டி கேட்கும்போதும் அந்தத் தாளும் படமும்தான் உதவும். அவர்கள் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முடிந்தால் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ரேமையும் பிராசஸரையும் போர்டையும் சோதிக்க அது தேவையில்லை.